ஒருநாள் கிரிக்கெட்டின் தலைசிறந்த வீரர்கள் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எல்லாக் காலத்துக்கும் முதல் ஆள் யார்?

மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ். அடுத்து டெண்டுல்கர், மூன்றாவது வாசிம் அக்ரம், நான்காவது விராட் கோலி. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கீழே வருவார்கள். முதல் பதில்கள் ஆண்கள் கிரிக்கெட்டைப் பற்றியவை. பெண்கள் கிரிக்கெட்டுக்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

எதை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள்?

ஒருவர் தன் காலத்தில் ஆடிய மற்றவர்களைவிட எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார் என்பதுதான் முதல் அளவுகோல். அந்த உயரத்தில் எத்தனை ஆண்டு நின்றார் என்பது இரண்டாவது. உலகக் கோப்பை அரையிறுதி, இறுதிப்போட்டி மாதிரியான நாட்களில் என்ன செய்தார் என்பது மூன்றாவது. மொத்த ரன், மொத்த விக்கெட், மொத்த சதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரிச்சர்ட்ஸ் அடித்தது 6,721 ரன். டெண்டுல்கர் 18,426. கணக்கே இடிக்கிறதே?

மொத்த ரன் பெரும்பாலும் எத்தனை போட்டி ஆடினார் என்பதைத்தான் காட்டும். ரிச்சர்ட்ஸ் 187 போட்டி, டெண்டுல்கர் 463. எழுபதுகளில் ஒருநாள் போட்டிகள் இவ்வளவு நடக்கவே இல்லை. பார்க்க வேண்டியது ரிச்சர்ட்ஸின் வேறு இரண்டு எண்கள்: சராசரி 47, ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எடுத்த ரன்) 90.20.

இன்றைக்குக் கிரிக்கெட் பார்க்கும் பையனுக்கு 90 என்பது பெரிதாகத் தெரியாது. அதனால் அவரோடு ஒரே அணியில், அதே ஆடுகளத்தில், அதே பந்துவீச்சை ஆடியவர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்டன் கிரீனிட்ஜின் சராசரி 45, ஸ்ட்ரைக் ரேட் 65க்கும் சற்றுக் குறைவு. டெஸ்மண்ட் ஹெயின்ஸ் சராசரி 41, ஸ்ட்ரைக் ரேட் 63. இருவருமே அந்தக் காலத்தின் மிகச்சிறந்த தொடக்க ஆட்டக்காரர்கள். பாகிஸ்தானின் ஜாவேத் மியான்தத் 67. ஒருநாள் ஆட்டத்தில் வேகமாக ஆடுபவர் என்று பெயர் வாங்கிய டீன் ஜோன்ஸே 73ஐத் தொடவில்லை. ஜாகீர் அப்பாஸ் ஒருவர்தான் கொஞ்சம் அருகில் வருகிறார், ஆனால் அவர் ஆடியது 62 போட்டி. மற்றவர்கள் நூறு பந்துக்கு 65 ரன் எடுத்துக்கொண்டிருந்தபோது ரிச்சர்ட்ஸ் 90 எடுத்தார். அதுவும் அவர்களைவிட அதிக சராசரியோடு. இந்த இடைவெளியை ஒருநாள் கிரிக்கெட்டில் வேறு எந்த மட்டையாளரும் இத்தனை ஆண்டுகள் காட்டியதில்லை.

1984 மே 31, ஓல்ட் டிராஃபோர்ட். இங்கிலாந்துக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகள் 102 ரன்னுக்கு 7 விக்கெட், அப்புறம் 166க்கு 9 விக்கெட். கடைசி ஆளாக மைக்கேல் ஹோல்டிங் வருகிறார். அந்தக் கடைசி விக்கெட் உடையவே இல்லை. 106 ரன் சேர்ந்தது, அதில் ஹோல்டிங்கின் பங்கு 12. ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 189. அணியின் மொத்தம் 272. அவருக்கு அடுத்த அதிகபட்ச ஸ்கோர் 26. பிறகு இங்கிலாந்து 168க்குச் சுருண்டது. அதாவது அந்த ஒரு மனிதர் எடுத்ததை இங்கிலாந்தின் பதினொரு பேரும் சேர்ந்து எடுக்க முடியவில்லை.

பெரிய நாட்களில் எப்படி? 1975 முதல் உலகக் கோப்பை இறுதியில் மட்டையால் பெரிதாகச் செய்யவில்லை, ஆனால் டர்னர், சேப்பல் சகோதரர்கள் இருவர் என மூன்று பேர் அவர் கையால் ரன் அவுட். 1979 இறுதியில் ஆட்டமிழக்காமல் 138. 1987இல் டனிடினில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே போட்டியில் சதமும் ஐந்து விக்கெட்டும். அதற்கு முன் ஒருநாள் போட்டியில் யாரும் அதைச் செய்ததில்லை. பகுதி நேரப் பந்துவீச்சாளர்தான், ஆனால் 118 விக்கெட் எடுத்திருக்கிறார். ஐசிசி தரவரிசைப் புள்ளிகளில் ஒருநாள் மட்டையாளர் எவரும் தொட்ட அதிகபட்சம் 935. அதுவும் அவருடையதுதான்.

காலம் மாறிவிட்டது, விதிகள் மாறிவிட்டன. அன்றையவரையும் இன்றையவரையும் ஒப்பிடுவது சரியா?

நேரடியாக ஒப்பிட்டால் சரியில்லை. அதனால்தான் சமகாலத்தவரோடு ஒப்பிடச் சொல்கிறேன்.

முதல் ஒருநாள் போட்டி 1971 ஜனவரி 5, மெல்போர்னில். ஓவருக்கு எட்டுப் பந்து, மொத்தம் 40 ஓவர். இங்கிலாந்து 190 எடுத்தது, அதுவே சவாலான ஸ்கோராக நினைக்கப்பட்டது. முதல் மூன்று உலகக் கோப்பைகளும் 60 ஓவர், வெள்ளை உடை, சிவப்புப் பந்து. 1975இல் இங்கிலாந்தின் 334ஐத் துரத்திய கவாஸ்கர் 174 பந்தில் 36 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்றே பலருக்குப் பிடிபடாத காலம் அது.

மட்டையாளர்களுக்குப் பெரிய வரமாக வந்தது 2011இன் விதி: இரு முனைகளிலிருந்தும் தனித்தனிப் புதுப் பந்து. பந்து பழசாகவே ஆகாது, ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்து காற்றில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைவது) கிட்டத்தட்டச் செத்துப்போனது. அடுத்த ஆண்டே, பவர்பிளே இல்லாத ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர்கள் நான்கு பேர்தான் நிற்கலாம் என்றார்கள். இரட்டைச் சதங்கள் சரசரவென்று வந்ததற்குக் காரணம் திறமை மட்டும் இல்லை. 2025 ஜூலையிலிருந்து 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்துதான் என்று மாற்றியிருக்கிறார்கள். பந்துவீச்சாளர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய நியாயம்.

டெண்டுல்கரை இரண்டாவதாக வைக்க உங்களுக்கு மனது வருகிறதா?

கஷ்டமாகத்தான் இருக்கிறது. முதல் நான்கு ஆண்டுக்கு மேல் அவர் நடுவரிசையில் ஆடினார், ஒரு சதம்கூட இல்லை. 1994 மார்ச் 27, ஆக்லாந்து. சித்துவுக்குக் கழுத்துப் பிடிப்பு. டெண்டுல்கர் கேட்டு வாங்கித் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 49 பந்தில் 82 அடித்தார். இந்திய ஒருநாள் கிரிக்கெட்டின் பாதை அன்றைக்கு மாறியது. முதல் சதம் அதே ஆண்டு செப்டம்பரில், 79வது போட்டியில் வந்தது. அதன் பிறகு 48 சதம்.

உச்சம் 1998. ஒரே ஆண்டில் 1,894 ரன், 9 சதம். ஷார்ஜாவில் ஏப்ரல் 22 அன்று மணற்புயலுக்கு நடுவே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 143. இந்தியா தோற்றது, ஆனாலும் அந்த இன்னிங்ஸால் இறுதிக்குப் போனது. இரண்டு நாள் கழித்து, அவருடைய பிறந்தநாளில், இறுதிப்போட்டியில் 134 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2003 உலகக் கோப்பையில் 673 ரன். 2010இல் குவாலியரில் ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதம், அதுவும் 36 வயதில்.

பிறகு ஏன் இரண்டாவது? நீடித்து ஆடியதில் அவரை நெருங்க ஆள் இல்லை. ஆனால் சமகாலத்தவரைவிட எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்று பார்த்தால், அவர் காலத்தில் கில்கிறிஸ்ட், ஜெயசூர்யா, சயீத் அன்வர், லாரா, பாண்டிங் என்று பக்கத்தில் நின்றவர்கள் பலர். ரிச்சர்ட்ஸுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. என் தராசில் அந்த வித்தியாசம்தான் கனக்கிறது.

கோலி டெண்டுல்கரைத் தாண்டிவிட்டாரே?

சதத்தில் தாண்டிவிட்டார். 2023 நவம்பர் 15, வான்கடே, உலகக் கோப்பை அரையிறுதி, 50வது சதம். டெண்டுல்கர் அரங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடரில் எடுத்த 765 ரன் ஒரே உலகக் கோப்பையில் எவரும் எடுத்த அதிகபட்சம். 10,000 ரன்னைத் தொட டெண்டுல்கருக்கு 259 இன்னிங்ஸ் ஆனது, கோலிக்கு 205.

இலக்கைத் துரத்துவதில் கோலிக்கு இணை இல்லை என்று தயங்காமல் சொல்வேன். 2012 ஹோபார்ட் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். இலங்கை 320. தொடரில் நீடிக்க வேண்டுமென்றால் இந்தியா 40 ஓவருக்குள் முடிக்க வேண்டும். 36.4 ஓவரில் முடித்தார்கள். கோலி 86 பந்தில் 133, மலிங்காவின் ஒரே ஓவரில் 24. அடுத்த மாதமே டாக்காவில் பாகிஸ்தானுக்கு எதிராக 330ஐத் துரத்தும்போது 183.

அவரை நான்காவதாக வைக்கக் காரணம், அவருடைய சிறந்த ஆண்டுகளில் பெரும்பகுதி இரண்டு புதுப்பந்துக் காலத்தில் அமைந்தது. அது அவர் குற்றம் இல்லை. ஆனால் கணக்கில் எடுக்காமல் விட முடியாது. டெண்டுல்கரா கோலியா என்பதில் நீங்கள் மாற்றி வைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கடைசி ஓவர்களில் முடித்துக் கொடுப்பவர்களில் யார்? பெவனா, தோனியா?

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன்தான் இந்த வேலையைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லலாம். சராசரி 53.58. 1996 புத்தாண்டு அன்று சிட்னியில் கடைசிப் பந்தில் நான்கு தேவை, ரோஜர் ஹார்ப்பர் பந்தை நேராக எல்லைக்கு அனுப்பினார். ஆனால் 67 முறை நாட் அவுட் என்பதும் அந்தச் சராசரிக்குப் பின்னால் இருக்கிறது, ஸ்ட்ரைக் ரேட் 74தான்.

தோனி அதே வேலையை ஸ்ட்ரைக் ரேட் 87.56இல் செய்தார். கூடவே கீப்பிங், கூடவே தலைமை. 350 போட்டி, சராசரி 50.57, 123 ஸ்டம்பிங். 2011 இறுதியில் யுவராஜுக்கு முன்னால் தானே இறங்கியதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று முரளிதரன். சிஎஸ்கேயில் வலைப்பயிற்சியில் அவர் பந்தை நிறைய ஆடியிருந்தார். ஆட்டமிழக்காமல் 91 எடுத்தார்.

எனக்குப் பிடித்த தோனி இன்னிங்ஸ், தோற்ற போட்டியில் வந்தது. 2012 டிசம்பர் 30, சேப்பாக்கம். ஜுனைத் கான் பந்து இரு பக்கமும் பேசுகிறது, இந்தியா 29 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து ஆட்டமிழக்காமல் 113, இந்தியா 227. பாகிஸ்தான் ஜெயித்தது. ஆனாலும் நெருக்கடியில் ஒரு இன்னிங்ஸைச் செங்கல் செங்கலாகக் கட்டுவது எப்படி என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

டிவில்லியர்ஸ் எங்கே?

எட்டாவது இடத்தில். சராசரி 53.50, ஸ்ட்ரைக் ரேட் 101. இந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருந்ததை அவருக்கு முன் யாரும் பார்த்ததில்லை. 2015 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் 31 பந்தில் சதம். உலகக் கோப்பை இறுதி மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

எல்லாப் பட்டியலிலும் மட்டையாளர்களே இருக்கிறார்களே. பந்துவீச்சாளர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை. சதம் கண்ணில் நிற்கிறது, 10 ஓவரில் 28 ரன் கொடுத்த பந்துவீச்சு நிற்பதில்லை. என் பத்தில் ஐந்து பேர் பந்துவீச்சாளர்கள், கபில்தேவையும் சேர்த்து.

பாகிஸ்தானின் வாசிம் அக்ரம் 502 விக்கெட். ஒருநாள் கிரிக்கெட்டில் முதலில் 500ஐத் தொட்டவர். சராசரி 23.52, எகானமி (ஓவருக்குக் கொடுத்த ரன்) 3.89. புதுப் பந்தில் ஸ்விங், பழைய பந்தில் ரிவர்ஸ் ஸ்விங், ஸ்டம்பைச் சுற்றி வந்து போட்டால் இன்னொரு கோணம். 1992 இறுதிப்போட்டி, மெல்போர்ன். இங்கிலாந்து ஆட்டத்தில் இருந்தது. ஆலன் லாம்ப் போல்டு, அடுத்த பந்தில் கிறிஸ் லூயிஸ் போல்டு. கோப்பை அந்த இரண்டு பந்தில் போய்விட்டது. அதற்கு முன்னால் மட்டையோடு வந்து 18 பந்தில் 33 வேறு.

மேற்கிந்தியத் தீவுகளின் ஜோயல் கார்னரை இளையவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். 98 போட்டியில் 146 விக்கெட், சராசரி 18.84, எகானமி 3.09. ஆறடி எட்டு அங்குல உயரத்திலிருந்து காலடிக்கு இறங்கும் யார்க்கர். 1979 இறுதியில் இங்கிலாந்து 183க்கு 2 விக்கெட் என்று இருந்தது, 194க்கு எல்லாரும் அவுட். கார்னர் 38 ரன்னுக்கு 5. ரிச்சர்ட்ஸ் 138 அடித்த அதே போட்டிதான். பந்துவீச்சாளர்களுக்கான ஐசிசி தரவரிசைப் புள்ளிகளில் உச்சம் 940, அது கார்னருடையது.

முத்தையா முரளிதரன் 534 விக்கெட், இன்றும் உலக சாதனை. கண்டியில் பிறந்த இந்தத் தமிழர், சுழற்பந்து வீச்சாளர்களை அடித்து நொறுக்க வேண்டும் என்று எல்லா அணியும் திட்டம் போட்ட காலத்தில் ஓவருக்கு நான்கு ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்தார். 2011 அரையிறுதியில், சொந்த மண்ணில் அவர் வீசிய கடைசிப் பந்தில் ஸ்காட் ஸ்டைரிஸ் எல்பிடபிள்யூ.

கிளென் மெக்ராத் பற்றிச் சுருக்கமாக: உலகக் கோப்பைகளில் மட்டும் 71 விக்கெட். 2007இல், 37 வயதில், 26 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகனாக விடைபெற்றார்.

ஆல்ரவுண்டர்களில்?

கபில்தேவ் பத்தாவது. 253 விக்கெட்டோடு அவர் ஓய்வு பெற்றபோது அதுதான் உலக சாதனை. மட்டையில் ஸ்ட்ரைக் ரேட் 95, ரிச்சர்ட்ஸைவிட அதிகம், அதே காலத்தில், சராசரிதான் வெகு குறைவு. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேக்கு எதிராக 17க்கு 5 விக்கெட் விழுந்த பிறகு ஆட்டமிழக்காமல் 175. அந்த ஆட்டத்தின் வீடியோ பதிவு இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் 1983 கோப்பை இல்லை.

ஜெயசூர்யா மயிரிழையில் பதினொன்று. 13,430 ரன்னோடு 323 விக்கெட். ஷேன் வார்னின் ஒருநாள் விக்கெட்டுகள் 293தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 1996 உலகக் கோப்பையில் டெல்லியில் அவர் அடித்த அடியில், வேகப்பந்து வீச்சாளரான மனோஜ் பிரபாகர் ஆஃப் ஸ்பின் போட வேண்டியதாயிற்று. காலிஸ், ஷகிப், குளூஸ்னர் மூவரையும் முதல் இருபதுக்குள் கொண்டுவருவேன்.

ஒரே ஒரு பெரிய இன்னிங்ஸ் போதுமா? மேக்ஸ்வெல், சயீத் அன்வர், ரோஹித்தின் 264?

பட்டியலில் இடம்பிடிக்கப் போதாது. ஆனால் ஒருநாள் கிரிக்கெட்டை நாம் நேசிப்பதே இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான். 2023இல் வான்கடேவில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 91க்கு 7 என்ற நிலையிலிருந்து, காலில் தசைப்பிடிப்பு, ஓட முடியவில்லை, நின்ற இடத்திலிருந்தே அடித்து மேக்ஸ்வெல் 201. ஒருநாள் கிரிக்கெட்டின் ஆகச்சிறந்த சேசிங் இன்னிங்ஸ் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

சயீத் அன்வரின் 194 நம் சேப்பாக்கத்தில் வந்தது, 1997 மே 21. சென்னை மே மாத வெயிலில் சுருண்டுபோனவருக்கு அஃப்ரிடி ரன்னராக வந்தார். கும்ப்ளேயை அடுத்தடுத்து மூன்று சிக்ஸர். கடைசியில் விக்கெட்டை எடுத்தது டெண்டுல்கர், கேட்ச் பிடித்தது கங்குலி. 13 ஆண்டு கழித்து 194ஐத் தாண்டி 200ஐத் தொட்டதும் அதே டெண்டுல்கர்தான்.

தமிழ்நாட்டிலிருந்து யாரும் இல்லையா?

முதல் பத்தில் இல்லை. ஆனால் ஸ்ரீகாந்தைக் குறிப்பிடாமல் போக முடியாது. 1983 இறுதியில் இரு அணியிலும் சேர்த்து அதிகபட்ச ஸ்கோர் அவருடைய 38. ஆண்டி ராபர்ட்ஸை ஒரு காலை மடக்கி அவர் அடித்த ஸ்கொயர் டிரைவ் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. தொடக்க ஓவர்களிலேயே தூக்கி அடிக்கலாம் என்பதை ஜெயசூர்யாவுக்குப் பத்தாண்டுக்கு முன்பே ஆடிக் காட்டியவர்.

பெண்கள் கிரிக்கெட்டில் யார்?

முதலில் ஒரு விஷயம். பெண்களின் முதல் உலகக் கோப்பை 1973இல் நடந்தது, ஆண்களுக்கு இரண்டு ஆண்டு முன்னால். ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதமும் பெண் அடித்ததுதான்: 1997 டிசம்பரில் மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229. டெண்டுல்கருக்கு 12 ஆண்டு முன்பு.

என் வரிசையில் எலிஸ் பெரி முதலில். மட்டை, பந்து இரண்டிலும் தனித்தனியாகவே அணியில் இடம்பிடிக்கக்கூடியவர். அடுத்து மிதாலி ராஜ். தமிழ்க் குடும்பத்துப் பெண், 16 வயதில் முதல் போட்டியிலேயே சதம், 7,805 ரன், சராசரி 50க்கு மேல். பிறகு மெக் லானிங், 255 விக்கெட் எடுத்த ஜூலன் கோஸ்வாமி. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்களே, அந்த இறுதியில் தீப்தி ஷர்மா 58 ரன்னும் 5 விக்கெட்டும் எடுத்தார். தொடர் நாயகியும் அவர்தான். இன்னும் சில ஆண்டு இப்படியே ஆடினால் இந்த வரிசையில் அவரும் வருவார்.

சரி, முழுப் பத்தையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ரிச்சர்ட்ஸ், டெண்டுல்கர், வாசிம், கோலி, முரளி, கார்னர், தோனி, டிவில்லியர்ஸ், மெக்ராத், கபில்தேவ். வாசலில் நிற்பவர்கள் ஜெயசூர்யாவும் கில்கிறிஸ்டும். 1999, 2003, 2007 என்று மூன்று இறுதிகளிலும் அரைசதமோ அதற்கு மேலோ அடித்த கில்கிறிஸ்டை வெளியே நிறுத்துவது எனக்கே உறுத்துகிறது. அவரை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் மெக்ராத்தையோ கபிலையோ எடுக்க வேண்டும். அதற்குக் கை வரவில்லை.

இன்று ஆடுபவர்களில் இனி யார் உள்ளே வரலாம்?

பும்ராவுக்குத் திறமை எப்போதோ போதும். 2023 உலகக் கோப்பை முடிந்தபோது 89 போட்டியில் 149 விக்கெட், ஓவருக்கு 4.59 ரன், அதுவும் 300 என்பது சாதாரண ஸ்கோராகிவிட்ட காலத்தில். கார்னருக்குச் செய்த கணக்கை அவருக்கும் செய்தால் வித்தியாசம் அதிகம் இருக்காது. ஆனால் டி20யும் டெஸ்டும் போக அவருக்கு ஒருநாள் போட்டிகளே அதிகம் கிடைப்பதில்லை. 2027 உலகக் கோப்பையின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், அங்கே பந்து எழும்பும். அதில் முழு உடல்நலத்தோடு ஆடினால் மெக்ராத்தின் இடத்தை அவருக்குத் தருவது பற்றி யோசிப்பேன்.